மாப்பிள்ளை வண்டியின் கியர்பாக்ஸ்

பின்சக்கரத்துப் பக்கமிருந்து கடகடவென்று அந்தச் சத்தம் கிளம்பியபோது மணி பதினொன்றே முக்கால். நிக்காஹ் பன்னிரண்டு மணிக்கு. சைதாப்பேட்டை மண்டபத்துக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது.

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் ஏதோ சத்தம் என்று விட்டிருப்பான். நதீம் மேற்கு மாம்பலத்தில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். தெருமுனையில் வண்டி இருமினால் கடைக்குள்ளிருந்தே நோயைச் சொல்லிவிடுவான் என்று ஏரியாவில் பேர் எடுத்திருந்தான்.

இன்று அவனுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. முகத்தை மூடி மார்புவரை மல்லிகைச் சரம் கோத்த சேரா தொங்கியது. "இன்னைக்கு ஸ்பேனரத் தொட்டா நான் உனக்கு அம்மியே இல்ல" என்று தாயார் ஜமீலுன்னிசா காலையிலேயே சொல்லிவிட்டாள். போதாக்குறைக்கு அவனை உட்கார வைத்திருந்தது பின்பக்கம் பார்த்த சீட்டில். குதிரை டிராஃபிக்கில் மிரளும் என்று மாமனார் அப்துல் சமத் வாடகைக்குப் பிடித்து அனுப்பிய பெட்ரோல் கோல்ஃப் வண்டி அது.

அப்துல் சமத் நேரம் தவறினால் மனிதனையே மதிக்காதவர். பெண் பார்க்கும் அன்று முக்கால் மணி நேரம் தாமதமாக, நகக்கண்ணில் கிரீஸோடு போய் நின்றவன் நதீம். ஜுவேரியா சிரித்துவிட்டாள், அதனால் பிழைத்தான். அவள் அப்பா சிரிக்கவில்லை. "நிக்காஹுக்காச்சும் டயத்துக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஜுவேரியாவுக்காக நதீம் முந்தின நாளே வந்து மண்டபத்தில் படுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தான்.

"சித்தார்த்தா" என்று சேராவுக்குள்ளிருந்து கூப்பிட்டான். ஒர்க் ஷாப் பார்ட்னர் சித்தார்த்தன் பட்டுச் சட்டையில் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"இன்னா மச்சி?"

"ரப்பர் கருகுற வாசன வருது. பெல்ட் ஸ்லிப் ஆவுது. முன்சீட்டத் தூக்கித் தொடச்சி வுடு."

வண்டியோடு வந்த டிரைவர் சைஃபுக்கு ஐம்பது வயதிருக்கும். மறுபேச்சு இல்லாமல் இறங்கி நின்றார். சித்தார்த்தன் புதுக் கைக்குட்டையால் பெல்ட்டைத் துடைத்து, அதே கையால் சட்டையையும் துடைத்துக்கொண்டான். வண்டி பத்தடி போனது. இப்போது சத்தத்தோடு வெட்டி வெட்டி இழுத்தது.

"லோடு ஜாஸ்தி. கிளட்ச் தாங்கல. எல்லாரையும் எறக்கு" என்றான் நதீம்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மூன்று பேரும் ஜமீலுன்னிசாவும் இறக்கப்பட்டார்கள். உச்சி வெயிலில் அவள் பார்த்த பார்வையைச் சேரா மறைத்தது அவன் செய்த புண்ணியம். பாரம் குறைந்த வண்டி அடியோடு நின்றுபோனது.

"ஆளுங்க எறங்குனப்புறம் இன்னும் அயுவுது மச்சி."

"சைஃப் பாய், ஃபார்வர்டு ரிவர்ஸ் லிவர ஆட்டிப் பாருங்க."

சைஃப் ஆட்டினார். பல்லோடு பல் உரசும் கர்ர்ர் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"கியர்பாக்ஸ் போச்சு. ஃபார்வர்டு கியர்ல பல்லு தேஞ்சிருக்கு. ரிவர்ஸ் எப்டிகீது பாருங்க."

ரிவர்ஸில் வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"அப்ப ரிவர்ஸ்லயே வுடுங்க."

அந்தச் சந்தில், ஒரு மீன் வண்டியையும் இரண்டு ஆட்டோவையும் நகர்த்தச் சொல்லி, கோல்ஃப் வண்டியைத் திருப்பி நிறுத்தவே பத்து நிமிஷம் ஆனது. அதன் பிறகு ஊர்வலம் நன்றாகத்தான் இருந்தது. பின்சீட் முன்சீட்டாகிவிட்டதால் மாப்பிள்ளை முதல் ஆளாக மண்டபத்தை நோக்கி வந்தான். கடைக்காரர்கள் எழுந்து நின்று கையாட்டினார்கள்.

"மாமனார் போன் பண்ணாரா?" என்று நதீம் கேட்டான்.

"ஒரு கால்கூட இல்ல மச்சி. அதான் பயமாகீது."

மண்டபத்துக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு நாற்பது. வாசலில் அப்துல் சமத் நின்றிருந்தார். நதீம் கண்ணை மூடிக்கொண்டான்.

"வாங்க மாப்ள, கரெக்ட் டயம்" என்று அவர் கட்டித் தழுவிக்கொண்டார்.

குத்தலாகச் சொல்கிறாரோ என்று நதீமுக்குச் சந்தேகம். ஆனால் ஜுவேரியா சம்மதம் சொன்ன நிமிஷத்தில் அதெல்லாம் மறந்துபோய், சேராவுக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு ஆயுசில் வந்ததில்லை.

இருந்தாலும் மெக்கானிக் புத்தி எங்கே போகும்? சாப்பாடு முடிந்ததும் கடைசிப் பந்தியில் சைஃபைத் தேடிப் பிடித்தான்.

"பாய், ஷெட்டுக்குப் போனதும் கியர்பாக்ஸ எறக்கிப் பாக்கச் சொல்லுங்க. அப்டியே ஓட்டாதீங்க. வேணும்னா நானே வந்து பாக்கறேன்."

சைஃப் நல்லி எலும்பை நிதானமாக உறிஞ்சி முடித்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. முன்னால போறப்பல்லாம் ஆக்சிலேட்டரோட பிரேக்கையும் சேத்து மிதிச்சது நான்தான். பிரியாணி தம் ஒடைக்க முக்கா மணி நேரம் ஆவும், அதுவரைக்கும் மாப்ளய தெருவுலயே வெச்சிருன்னு போன்ல கெஞ்சுனது உங்க மாமனாரு."