எட்டு பத்துக்கு ஒரு சுருக்கொப்பம்

விதிமுறை தெரிந்தவனை யாரும் மாட்டிவிட முடியாது என்று முப்பத்திரண்டு வருட அரசாங்க உத்தியோகத்தில் நம்பியிருந்தேன். மாட்டிவிட ஆளே தேவையில்லை, அவனே விதியைச் சொல்லி மாட்டிக்கொள்வான் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

காரைக்கால் கோவில்பத்து வீட்டின் பின்புறம் பதினான்கு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த என் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். புது வண்டியின் விலையைக் கேட்ட அதிர்ச்சியில் எடுத்த முடிவு. தார்ப்பாயை விலக்கியபோது அடுத்த அதிர்ச்சி. கடல் காற்று தின்றது போக மீதிதான் இருந்தது.

மெக்கானிக் ஜக்கரியா பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"சார், இதை ரிப்பேர் பண்ண முடியாது. அடக்கம்தான் பண்ணணும்."

"செலவு கம்மியா முடியுமா பாய்?"

"எது, அடக்கமா?"

மூன்று மாதம் ஆனது. பெட்ரோல் டேங்க்கில் புளித்தண்ணீரும் சரளைக்கல்லும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். (குலுக்கியது நான். என் இடுப்பு அதை இன்னும் மன்னிக்கவில்லை.) கார்புரேட்டர் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஆயில் பம்ப் மட்டும் கிடைக்கவில்லை.

"பெட்ரோல் போடும்போதெல்லாம் கையால ஆயில் கலந்துக்குங்க சார். லிட்டருக்கு இருவது மில்லி" என்றார் பாய்.

டேங்க்கின் அடிப்பகுதியில் ஒரு பொத்தல் இருந்ததால் தினமும் காலையில் ஒரு லிட்டர்தான் போடுவேன். பாதி எரியும், பாதி ஒழுகும். ஆயிலுக்கு ஒரு காலி பிராந்தி குவார்ட்டர் பாட்டில் எடுத்துக்கொண்டேன். சரக்கு மலிவான எங்கள் ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை. பினாயிலும் விளக்கெண்ணெயும்கூட அதில்தான் இருக்கும். (நான் ஒரு துளி தொட்டவனில்லை. இதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.) லேபிளின் மேல் பேனாவால் இருபது மில்லிக்கு ஒரு கோடு போட்டேன். ஊற்றிய கிழமை, நேரம், பக்கத்தில் என் சுருக்கொப்பம். பதிவேடு இல்லாமல் எனக்குப் பல்கூடத் துலக்க வராது.

அப்போது என் மகள் மலருக்கு நாகூர்ப் பக்கம் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையனின் அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவருக்கு இருந்தது ஒரே பயம். "காரைக்கால்னாலே... தப்பா நெனச்சுக்காதீங்க, குடிக்கிற வீட்ல மட்டும் சம்பந்தம் வேணாம்னு பாக்குறேன்." நான் சத்தியம் செய்யாத குறையாக உறுதி கொடுத்தேன். அன்றிலிருந்து போனில் 'சம்பந்தி' என்றே அழைத்தார். மலருக்கும் பையனைப் பிடித்திருந்தது.

நிச்சயத்துக்கு நாள் குறிக்கக் கிளம்பிய அன்று என் மனைவி கமலா, "பஸ்ல போயிடுங்களேன்" என்றாள். மலர், "அப்பா, அங்க போயி ரூல்ஸ் பேசாதீங்க" என்றாள். இரண்டையும் கேட்கவில்லை.

மலிவுச் சரக்கு தமிழ்நாட்டுக்குள் போகாமல் பார்க்கும் எல்லைச் சோதனைச் சாவடியில் ஓர் இளம் போலீஸ்காரர் கை காட்டினார். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். பழங்களுக்கும் வெற்றிலைக்கும் நடுவிலிருந்து பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்தார். உள்ளே பொன்னிறத்தில் பளபளத்தது.

"என்னா சார் இது?"

"ஆயில் தம்பி."

சிரித்தார். "சரி, தொறங்க. மோந்து பாத்துட்டு அனுப்பிடுறேன்."

திறந்து காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மோந்து பாக்குறது முறையான சோதனை இல்ல தம்பி. பொருளைக் கைப்பற்றினதா மகஜர் எழுதுங்க. ரெண்டு சாட்சி வேணும். பொருளோட அடையாளத்தை ஒண்ணுவிடாம எழுதணும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அடையாளத்தை ஒன்றுவிடாமல் படிக்கத் தொடங்கினார்.

"திங்கள் காலை எட்டு பத்து. செவ்வாய் காலை எட்டு பத்து. புதன் எட்டு பன்னெண்டு... ஏன் சார், விடிஞ்சதுமே ஆரம்பிச்சுடுவீங்களா? கையெழுத்து வேற!"

பாட்டிலுக்குக் கை நீட்டினேன். அதற்குள் அவர் சாட்சிக்கு ஆள் பிடித்துவிட்டார். முதல் சாட்சி, காலிக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற மீன்காரம்மா. இரண்டாவது சாட்சி, அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து நின்ற பெரியவர். திரும்பிப் பார்த்தேன். தலைமை ஆசிரியர்! வண்டி கிளம்ப மறுத்ததில் நான் ஒரு மணி நேரம் தாமதம். வழி தெரியாமல் நிற்கிறேனோ என்று என்னைத் தேடி வந்திருக்கிறார்.

பாட்டிலை வாங்கினார். விடைத்தாள் திருத்துகிறவரைப் போல மேலிருந்து கீழே படித்தார்.

"வியாழனும் எட்டு பத்தா... சார்?"

சார்! ஒரு மாதமாகச் சம்பந்தியாக இருந்தவன் ஒரே வரியில் சாராகிவிட்டேன். மலரின் முகம் கண் முன் வந்தது. "அது... பதிவேடு சார்" என்றேன்.

"அட, கொண்டாங்க இப்புடி" என்று மீன்காரம்மா பாட்டிலைப் பிடுங்கினார். எந்த விதியையும் மதிக்காமல் மூடியைத் திருகி மூக்கில் வைத்தார். "அய்ய! எங்க படகு இஞ்சினுக்கு ஊத்துற எண்ணெய்யி. இதையா குடிக்கிறாரு இந்த மனுசன்?"

போலீஸ்காரர் மோந்தார். தலைமை ஆசிரியரும் மோந்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், குடிகாரன் என்ற முடிவே கௌரவமாக இருந்திருக்கும் என்று பட்டது.

"போயிட்டு வாங்க சார்" என்றார் போலீஸ்காரர்.

"ஆரம்பிச்ச மகஜரை முடிக்காம விடக்கூடாது தம்பி, அதுல..."

"சம்பந்தி," என்றார் தலைமை ஆசிரியர், "வாயை மூடிட்டு வண்டிய எடுங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு இனிமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை. வண்டியை எடுக்கத்தான் முடியவில்லை. இரண்டு சாட்சிகளும் தள்ளினார்கள்.

கல்யாணத்தன்று காலை, மணமேடைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் சம்பந்தி கடிகாரத்தைக் காட்டி, "எட்டு பத்து ஆவுது. வேணும்னா ஒரு நிமிஷம் போயிட்டு வாங்க" என்றார். கதை தெரிந்த மண்டபம் முழுக்கச் சிரித்தது. இப்போது ஆயிலைத் தேன் பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன், பயனில்லை. ஞாயிறுதோறும் சரியாக எட்டு பத்துக்கு நாகூரிலிருந்து போன் வருகிறது.

"என்னா சம்பந்தி, இன்னைக்கு ஊத்தியாச்சா?"

ஊற்றி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.