ஏகாம்பரத்துக்குக் களி கிடைக்கவில்லை

முந்திரிப் பருப்பு பதித்த உப்புமா தன் முன்னால் வந்து அமர்ந்ததைப் பார்த்ததும் ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது வீடு, மூன்றாவது உப்புமா.

"நான் கேழ்வரகுக் களி இல்லே கேட்டேன்?" என்றார்.

வீட்டுக்காரர் மூக்கண்டப்பள்ளி ராமப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "பட்டணத்துலருந்து வந்தவருக்குக் களி போட்டா நாளைக்கு ஊருல நான் தலை காட்ட முடியுங்களா? சாப்பிடுங்க சார், காப்பியும் வருது."

"நீங்க தினமும் எதைச் சாப்பிடறீங்களோ அதையே குடுங்களேன்."

ராமப்பனின் சிரிப்பு நின்றது. "ஓகோ! இவன் வூட்டுல களியைத் தவிர வேற என்ன இருக்கப்போவுதுன்னு குத்திக் காட்டறீங்களா?"

ஏகாம்பரம் முந்திரியைக்கூட மிச்சம் வைக்காமல் உப்புமாவை விழுங்கிவிட்டு எழுந்தார்.

சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் அவருக்கு உத்தியோகம். ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று ஓராண்டாக வாசகர்களை ஊர் ஊராகப் பந்திக்கு அழைத்துச் சென்ற சமையல் தொடர் அவருடையதுதான். போன வாரம் ஆசிரியர் கூப்பிட்டு, "வெளிநாடெல்லாம் போதுமய்யா. இதோ இருக்கிற ஓசூருக்குப் போம். அந்த ஊர்ச் சாப்பாடும், அதைச் செய்யறவங்களும் ஒரே போட்டோவிலே வரணும். வரலேன்னா தொடரும் கிடையாது, உமக்கு வேலையும் கிடையாது" என்று சொல்லி, கழுத்தில் ஒரு காமிராவையும் மாட்டி அனுப்பிவிட்டார்.

"நேராக் கேட்டா குடுக்க மாட்டாங்க சார்" என்றான் குதிரை வண்டிக்காரன் சாந்த் பாஷா. "வயித்துல கோளாறு, டாக்டர் கேழ்வரகு மட்டும்தான் திங்கச் சொன்னாருன்னு சொல்லிப் பாருங்க."

தொரப்பள்ளியில் திம்மப்பன் வீட்டில் அப்படியே சொன்னார். திம்மப்பன் பதறிப்போனார்.

"ஐயய்யோ! வயிறு கெட்டவருக்குக் களியா? கல்லாட்டம் உக்காந்துக்குமே! எந்த டாக்டருங்க அவன்?"

அரோரூட் கஞ்சி வந்தது. கூடவே வைத்தியரும் வந்தார். ஏகாம்பரத்தின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு நிலவேம்புக் கஷாயம் ஒரு சொம்பு வந்தது. திம்மப்பன் தோளைப் பிடித்துக்கொள்ள, வைத்தியரே ஊற்றினார்.

"இந்தச் சட்டைதான் சார் காரியத்தைக் கெடுக்குது" என்றான் சாந்த் பாஷா. "என் லுங்கியைக் கட்டிக்கிட்டு அறுப்பு ஆளுங்களோட போய் நில்லுங்க. கழனிக்குக் களிதான் வரும்."

ஏகாம்பரம் லுங்கி கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோவிந்தப்பனின் கேழ்வரகுக் கழனியில் இறங்கினார். களிக் கூடையும் வரப்பில் வந்து இறங்கியது. ஆவி பறந்தது. ஏகாம்பரம் கையை நீட்டினார்.

பக்கத்தில் இருந்தவன் அந்தக் கையை உற்றுப் பார்த்தான். "கை பஞ்சு மாதிரி இருக்குது. இந்தாளு அருவாளையும் தலைகீழாத்தான் புடிச்சான்... டேய், மப்டிடா! மதுவிலக்குப் போலீசு!"

மறுகணம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். களிக்கு அடியில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு நாலு புட்டி இருந்ததாம். கோவிந்தப்பன் மட்டும் ஓடவில்லை. ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போய், தலைவாழை இலை போட்டு, சன்னச் சோறும் கோழிக் குழம்பும் பரிமாறினார்.

"புள்ளகுட்டிக்காரன் ஐயா. பாத்து மனசு வைக்கணும்."

"எனக்குக் களி போதும்..."

"நக்கல் பண்ணாதீங்க ஐயா. இன்னொரு கோழி அடிக்கட்டுங்களா?"

வண்டி திரும்பியது. ஊர்க்கோடியில் ஒரு வீட்டுக் கூரை வழியே புகை வந்தது. ஏகாம்பரம் வண்டியிலிருந்து குதித்தார். வாசலில் நின்ற வெள்ளையம்மாவைப் பார்த்து உச்சக் குரலில் கத்தினார்.

"நான் நோயாளி இல்லே! போலீசும் இல்லே! விருந்தாளியும் இல்லே! உன் அடுப்பிலே என்ன இருக்கோ அதைப் போடு தாயீ!"

வெள்ளையம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு ஏன் சாமி கத்தறீங்க? களி காலையிலயே தீந்துபோச்சு. இதைத் தின்னுங்க."

வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தாள். பிரித்தார். நசுக்கிய பச்சை மொச்சை, புளியங்கொழுந்து, வறுத்த எள், கொஞ்சம் வெல்லம், காரம். எல்லாம் ஆவியில் வெந்திருந்தன. ஒரு வாய் போட்டதும் ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் நாக்கு அதுவரை அறியாத ருசி.

"இது... இங்கே எல்லா வீட்டிலேயும் உண்டா?"

"உண்டுங்க. போன பண்டிகைக்குச் சாமிக்கே இதான் படைச்சோம்."

ஏகாம்பரம் வண்டிக்கு ஓடிப்போய்க் காமிராவை எடுத்து வந்தார். பொட்டலத்தோடு வெள்ளையம்மாவை நிற்கவைத்துப் படம் எடுத்தார். 'பல நூறு ஆண்டுகளாக இம்மண்ணின் மக்கள் காத்துவரும் பண்டம்' என்று கட்டுரையின் முதல் வரி மனத்தில் தானாகவே ஓடியது. தொடர் பிழைத்தது, வேலையும் பிழைத்தது.

"யார்கிட்டேம்மா கத்துக்கிட்டே?"

"அதோ, பக்கத்து வூட்டு முனவர் அக்காதான் ஊருக்கே சொல்லிக் குடுத்தாங்க. அக்கா! இங்க ஒருத்தரு உங்க மொச்சையைத் தின்னுட்டுக் கண்ணு கலங்கி நிக்கறாரு!"

வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த முனவர் பேகம் எட்டிப் பார்த்தாள்.

"அட, அது என்னுது இல்லீங்க. ஏதோ வாரப் பத்திரிகையில 'ரங்கூன் சமையல்'னு இதைப் போட்டிருந்தான். நான் ரங்கூன்லயே பொறந்து வளந்தவ, அந்த ஊருல இப்படி ஒரு பண்டமே கிடையாது. எழுதுனவன் கப்பல்ல காலு வெச்சிருக்கவே மாட்டான். ஆனா படுபாவி, புளுகினாலும் ருசியாப் புளுகியிருக்கான்!"