காத்தாயி குரலைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த கதை

ஒரு காட்டில், யானைக்குத் தும்பிக்கையும் நரிக்கு விசிட்டிங் கார்டும் இருந்த காலத்தில், காத்தாயி என்றொரு ஆட்காட்டிக் குருவி இருந்தாள்.

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. குளத்தங்கரைச் சரளையில் லேசாகப் பள்ளம் பறித்து, கூழாங்கல் மாதிரியே நாலு முட்டை இட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிடும். வேலை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். சிறுத்தை வந்தால் கத்த வேண்டும். "டிட்டிட்டீ… டிட்டிட்டீ" என்று காத்தாயி கத்தினால் காடே தலையைத் தூக்கும். மான்கள் ஓடும், முயல்கள் வளைக்குள் போகும், சிறுத்தைக்கு அன்றைக்குப் பட்டினி.

இன்னொரு வழக்கமும் அந்த வம்சத்துக்கு உண்டு. கூடு இருக்கிற இடத்தை யாருக்கும் காட்டமாட்டார்கள். முட்டை மேற்கே இருந்தால் கிழக்கே போய் நின்று கூப்பாடு போடுவார்கள். ரொம்ப நெருக்கடி என்றால் சிறகு ஒடிந்த மாதிரி நொண்டி நொண்டி இழுத்துக்கொண்டு போவார்கள். வந்தவன் அவர்கள் பின்னாலேயே போவான், கூடு தப்பித்துவிடும். இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. முட்டைக்குள் இருக்கும்போதே வந்துவிடும்.

காத்தாயிக்கு ஒரு துக்கம் இருந்தது. போன வருஷம் சிறுத்தையைப் பார்த்து அவள் கத்த, மான் கூட்டம் அலறிப் பிடித்து ஓடியது. ஓடியது சரி, சரளை வழியாக ஓடியது. நாலு முட்டையும் கூழாகிவிட்டது. பிழைத்த மான்கள் மறுநாள் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போயின. அதே சரளை வழியாகத்தான் போயின. இந்த வருஷமும் நாலு முட்டை. இதிலாவது ஒரு குளம்பு படாமல் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தம் வந்தான். நரி. நரி என்றதும் தந்திரம், வஞ்சகம் என்று நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள். இவன் அப்படியில்லை. அடர்வனம் எண்டர்டெயின்மென்ட் என்கிற கம்பெனியில் திறமைசாலிகளைப் பிடித்துக் கொடுக்கிற உத்தியோகம். டார்கெட் எட்டாவிட்டால் சோறு இறங்காது. வஞ்சகம் செய்ய அவனுக்கு நேரமே இருக்கவில்லை. கம்பெனி முதலாளியை அவனே பார்த்தது கிடையாது. சேர்மன் என்று சொல்வார்கள், அவ்வளவுதான் தெரியும்.

"அக்கா, இந்தக் குரலு எங்க இருக்க வேண்டியது, எங்க வந்து கெடக்குது பாருங்க" என்று ஆரம்பித்தான். காடு முழுக்கக் கேட்கும், எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் சொன்னான். காத்தாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அப்படி ஆனால் முட்டையை மிதிக்காமல் இருப்பார்களா என்று மட்டும் கேட்டாள்.

"மிதிக்கிறதா? முட்டையச் சுத்தி கம்பெனியே முள்வேலி போட்டுத் தரும்க்கா."

முள்வேலி என்ற சொல்லில் காத்தாயி சிக்கிக்கொண்டாள்.

ஒப்பந்தம் பதினாலு தேக்கிலை. முதல் இலையில் முதல் கட்டம் பெயர். தாய் வைத்த பெயரை எழுத வேண்டும், அது காலியாக இருந்தால் ஃபார்மைக் கம்பெனி கையாலும் தொடாது என்றான் சம்பந்தம். கம்பெனி வைக்கிற பெயர் இரண்டாவது கட்டம், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதல் கட்டத்தில் காத்தாயி என்று எழுதினான். இரண்டாவதில் மேடம் டிட்டி.

காத்தாயியின் வீட்டுக்காரன் கருத்தான் முட்டைமேல் உட்கார்ந்தபடியே, ஒன்பதாவது இலையில் என்ன பொடிப்பொடியாக எழுதியிருக்கிறது என்று கேட்டான். சம்பந்தம் படித்துக் காட்டினான். இன்று முதல் குரல் கம்பெனிக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் கத்த வாய் திறந்தால் சரளைமேடு முழுவதும் கம்பெனி வசமாகும்.

"இது என்ன தம்பி இப்படி இருக்கு?" என்றாள் காத்தாயி.

"அது எல்லாருக்கும் போடறதுதான்க்கா. யாரும் படிக்கிறதில்ல. மாமாதான் மொதல் ஆளு."

அவள் காலைச் சேற்றில் நனைத்துப் பதினாலு இலையிலும் வைத்தாள். பிறகு வேலி போடுவதற்கு முட்டை எங்கே இருக்கிறது என்று சம்பந்தம் கேட்டான். இங்கேதான் காத்தாயி ஒரு காரியம் செய்தாள். வேண்டும் என்று செய்யவில்லை. மேற்கே காட்டத்தான் நினைத்தாள். கால் அதுபாட்டுக்குக் கிழக்கே நடந்தது. புற்றுக்குப் பக்கத்தில் கிடந்த நாலு கூழாங்கல்லைக் காட்டி, "இதான் தம்பி" என்று வாய் சொல்லிவிட்டது.

மறுநாளே வேலை முடிந்தது. அருமையான வேலி, ஓணான்கூட நுழைய முடியாது. மேலே ஒரு போர்டு, அதில் காத்தாயி படம். கருத்தான் தூரத்திலிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லது புள்ள. இனிமே அந்தக் கல்லுங்களுக்கு ஒரு பயமும் இல்ல."

 காத்தாயி போய் உண்மையான இடத்தைச் சொல்லிவிடலாம் என்று ரெண்டு தரம் கிளம்பினாள். ரெண்டு தரமும் கால் கிழக்கேதான் போனது.

கம்பெனி அவள் குரலை வாங்கிக் கழுவியது. அடியில் மத்தளம் போட்டார்கள், நடுவில் கைத்தட்டல் சேர்த்தார்கள். கடைசியில் வருகிற அந்த இழுப்பு கேட்பவர்களுக்குப் பயமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டார்கள். பயம் அதில்தான் இருந்தது. பிறகு மரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் கட்டி விட்டார்கள். முதல் வாரம் பாட்டு வந்தபோதெல்லாம் மான்கள் விழுந்தடித்து ஓடின. இரண்டாவது வாரம் நின்று காதை ஆட்டின. மூன்றாவது வாரம் ஆடத் தொடங்கிவிட்டன. முயல் வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பாட்டு, காட்டெருமை பேரனுக்குக் காது குத்தும்போது அந்தப் பாட்டு. காத்தாயி நடந்து போனால் அணில்கள் மொபைலை நீட்டிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டு நின்றன. யாரும் அவளை மிதிக்கவில்லை என்பது உண்மைதான்.

ஒருநாள் மத்தியானம் குளக்கரை நாணலில் சிறுத்தை பதுங்குவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒன்பதாவது இலை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு அடித்துப் பிடித்துக் கம்பெனி ஆபீசுக்குப் பறந்தாள்.

அங்கே பெரிய வரிசை. மயில் தோகை விரிக்க அனுமதி கேட்டு நின்றது. குயில் இரண்டு வருஷமாக நிற்கிறதாம், எதற்கு வந்தோம் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. காத்தாயியின் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த குரங்கு ஒரு ஃபார்மை நீட்டியது. குரல் எதற்காக என்று ஒரு கேள்வி. எதிரே நாலு கட்டம்: திருமணம், பிறந்தநாள், கடை திறப்பு, இதர.

"ஆபத்துன்னு இல்லீங்களே" என்றாள் காத்தாயி.

"ஆபத்தெல்லாம் யாருங்க புக் பண்றாங்க? இதரன்னு டிக் பண்ணுங்க. மூணு நாள்ல மெசேஜ் வரும்."

அவள் திரும்பி வந்தபோது குளக்கரையில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. மான் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பெரியவரைக் காணோம். பாதி ஆட்டத்தில் எங்கேயோ எழுந்து போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். நாணலில் சிறுத்தையையும் காணோம். மூன்றாம் நாள் சொன்னபடி மெசேஜ் வந்தது. அனுமதி மறுக்கப்பட்டது.

குஞ்சு பொரிக்கிற நாளும் வந்தது. கம்பெனி சும்மா இருக்குமா? 'மேடம் டிட்டி வீட்டில் விசேஷம், நேரலை' என்று காடெல்லாம் தட்டி கட்டிவிட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக வேலியைச் சுற்றிக் கூட்டம். கேமராவுக்குக் கொக்கு. ஒற்றைக்காலில் ஆடாமல் அசையாமல் நிற்பதால் ஸ்டாண்டு தேவையில்லை. எல்லோரும் நாலு கூழாங்கல்லையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல் லேசாக அசைந்தது என்று ஒரு முயல் சத்தியம் பண்ணியது.

நிஜ முட்டைகள் மேற்கே, கருத்தான் வயிற்றுக்குக் கீழே, விரிசல் விட்டுக்கொண்டிருந்தன.

வேலியோரம் போட்ட மேடையில் காத்தாயியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சம்பந்தம் மைக்கைப் பிடித்து, இன்று நம் சேர்மன் அவர்களே முதன்முறையாக நேரில் வந்திருக்கிறார், திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார், நிகழ்ச்சி முடிவில் எல்லோரையும் சந்திப்பார் என்று அறிவித்தான். பலத்த கைத்தட்டல். காத்தாயி திரும்பித் திரையைப் பார்த்தாள். திரைக்குக் கீழே ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளில் கறுப்புப் புள்ளி. இத்தனை வருஷமாக எந்த வாலைப் பார்த்துக் கத்தினாளோ அதே வால்.

முன்வரிசையில் ஒரு மான்குட்டி இருந்தது. காணாமல்போன பெரியவரின் பேத்தி. அதன் நெற்றியில் மேடம் டிட்டி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் காத்தாயிக்கு ஒன்பதாவது இலை, அனுமதி, சரளைமேடு எல்லாம் மறந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். டிட்டிட்டீ… டிட்டிட்டீ. வெட்டிப்போட்ட அந்த இழுப்பையும் சேர்த்துக் கத்தினாள்.

கூட்டம் எழுந்து ஆடியது.

இன்னும் சத்தமாகக் கத்தினாள். இன்னும் நன்றாக ஆடினார்கள். மான்குட்டி சுழன்று சுழன்று ஆடித் திரையோரமாகவே போய்விட்டது. திரை மெதுவாக அசைந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. இவர்களுக்குப் புரிந்து ஓடினாலும் வழக்கம்போல மேற்கேதான் ஓடுவார்கள். கருத்தான்மேல்தான் ஓடுவார்கள். ஆகவே அவள் கத்துவதை நிறுத்தினாள். மேடையிலிருந்து பொத்தென்று தரையில் விழுந்தாள். ஒரு சிறகைத் தொங்கவிட்டு, நொண்டி நொண்டி, தெற்கே ஏரிக்கரைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

ஆட்டம் சட்டென்று நின்றது. மேடத்துக்குச் சிறகு ஒடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். புருஷன் அடித்துவிட்டானாம் என்று இன்னொருவர். முட்டையே அவளுடையது இல்லையாம் என்று மூன்றாவது ஆள். அவ்வளவுதான். சிறுத்தை வருகிறது என்று தொண்டை கிழியக் கத்தியும் அசையாத காடு, இதைக் கேட்டதும் மொத்தமாகக் கிளம்பித் தெற்கே பாய்ந்தது. மான்குட்டி முதல் ஆளாக ஓடியது. கேமராக் கொக்கு இரண்டு காலாலும் ஓடியது. ஒரு குளம்புகூட மேற்கே திரும்பவில்லை.

திரை விலகியபோது மைதானத்தில் சம்பந்தம் மட்டும் மைக்கோடு நின்றான். அவன் சேர்மனை அன்றுதான் பார்த்தான். மைக்கிலேயே வணக்கம் சொன்னான்.

"ஆடியன்ஸ் எங்கப்பா?" என்றது சிறுத்தை.

அவள் நொண்டினாள் சார், எல்லோரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்று சம்பந்தம் விளக்கினான். சிறுத்தை அவனை மேலும் கீழும் அளந்தது. நல்லவேளை, அதற்கு வியாபாரப் புத்தி பசியைவிடப் பெரிது.

"நொண்டறதையும் எழுதி வாங்கிடு" என்றது.

இரண்டு நாள் கழித்துச் சம்பந்தம் சரளைமேட்டுக்கு வந்தான். காட்டில் எல்லோரும் அதற்குள் நொண்டி நடனம் ஆடத் தொடங்கியிருந்தார்கள். நொண்டுவதை எழுதிக் கொடுத்தால் அனுமதி இல்லாமல் கத்தியதைக் கம்பெனி மன்னிக்கும், சரளையைப் பிடுங்காது என்றான். காத்தாயி காலைச் சேற்றில் நனைத்தாள், வைத்தாள். குஞ்சுகள் நாலும் கல்லோடு கல்லாகப் படுத்திருந்தன.

"கத்தறதும் கம்பெனிக்கு, நொண்டறதும் கம்பெனிக்கு. இனிமே அது வந்தா நான் என்ன தம்பி செய்யட்டும்?"

சம்பந்தம் இலைகளைப் புரட்டிப் பார்த்தான். சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி எதுவும் போடவில்லை என்றான். அதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்நேரம் பார்த்துக் குளக்கரை நாணலுக்குள்ளிருந்து காத்தாயியின் பாட்டு கேட்டது. அந்த இடத்தில் ஸ்பீக்கர் கட்டிய மரம் எதுவும் கிடையாது. சேர்மனே ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். மான்கள் தலையை ஆட்டிக்கொண்டு நாணலைப் பார்த்து நடந்தன. காத்தாயி அலகை இறுக்கிக்கொண்டாள். அவள் கத்தினால் இன்னும் வேகமாகத்தான் போவார்கள்.

அப்போது கற்களுக்கு நடுவிலிருந்து ஒரு குஞ்சு கத்தியது. ஒல்லிக் குரல். தாளம் கிடையாது, இனிமை என்று எதுவும் கிடையாது. தகரத்தில் நகத்தால் கீறுகிற மாதிரி இருந்தது. மான்கள் நின்றன. இதற்கு எப்படி ஆடுவதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. ஆடத் தெரியாததால் பயந்தன. பயந்ததால் வாலைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் பறந்துவிட்டன. நாணலுக்குள் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சம்பந்தத்தின் காது எழுந்து நின்றது. கை தானாகப் பையிலிருந்து புது இலைக்கட்டை எடுத்தது.

"யாருக்கா அது?"

"எம்புள்ளதான்."

"பேரு?"

கருத்தான் வாயைத் திறந்தான். இரண்டு நாளாகப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அதில்தான் சண்டை. அவனுடைய அப்பன் பெயரை வைக்க வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். காத்தாயி அவன் நின்றுகொண்டிருந்த அந்தக் காலை மிதித்தாள்.

"பேரு இன்னும் வைக்கல தம்பி."

"எப்ப வைப்பீங்க?"

"யோசிச்சிட்டிருக்கோம். நாங்க இதுல எல்லாம் அவசரப்படறதில்ல."

சம்பந்தம் முதல் கட்டத்தைப் பார்த்தான். குஞ்சைப் பார்த்தான். சேர்மனே வந்தாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது, ஏனென்றால் அந்த விதியை வைத்தவரே சேர்மன்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கடைசியில் இலைகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தான். நாலு அடி போய்த் திரும்பினான்.

"சேர்மன் யாரு கத்தினதுன்னு கேட்டா என்னக்கா சொல்லட்டும்?"

"இதரன்னு போட்டுக்கோ" என்றாள் காத்தாயி.

சம்பந்தம் சரளையில் கால் பார்த்து வைத்து, கிழக்கே நடந்து போனான்.

நீதி: பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், தயவுசெய்து பெயர் வைத்துவிடாதீர்கள்.