கேட்கக் கூடாத பாஸ்வேர்டு

"சார், ரூட் பாஸ்வேர்டு குடுங்க."

மேனேஜர் தங்கராஜின் கையிலிருந்த போண்டா வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

சபீனா வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார். சம்பள உயர்வு கேள், லீவு கேள், ஏசி கூடக் கேள். சர்வரின் மொத்த அதிகாரத்தையும் தருகிற ரூட் பாஸ்வேர்டை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்காதே. அதைக் கேட்ட ஜஸ்டின் என்ன ஆனான் தெரியுமா என்று நிறுத்தி, கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவளுக்கு முன் அங்கே வேலை பார்த்த ஜஸ்டின் இப்போது பெங்களூரில் இதைவிட நல்ல வேலையில் இருந்தான். ஆனால் பெருமூச்சு என்னவோ இறந்தவனுக்கு விடுவதைப் போல இருந்தது.

"எதுக்கு?" என்றார்.

"காலையில பண்ண பில்டை மொத்தமா அழிச்சுட்டு, முதல்லேருந்து பண்ணணும். அழிக்க ரூட்டுக்குத்தான் அனுமதி இருக்கு."

"அதெல்லாம் நம்பிக்கையானவங்க கையில மட்டும்தாம்மா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, போண்டாவை அதற்குரிய இடத்துக்கு அனுப்பினார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. விரல் வைத்தால் வருகையைப் பதிவு செய்யும் பெட்டிகளைத் தயாரித்தார்கள். பெட்டிக்குள் ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். இந்த முறை விரல் ரேகை சென்சார் புதிது. அதை இயக்கும் டிரைவர் நிரல், சிஸ்டத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்து வராமல் தனித் துண்டாக, மாட்யூலாக இருந்தது. அதைப் பெட்டி இயங்கத் தொடங்கும்போது உள்ளே ஏற்ற ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவிக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று ஒரு மெனுவில் ஒவ்வொன்றாக 'வேண்டும்', 'வேண்டாம்' போட்டுக் கட்ட வேண்டியது சபீனாவின் வேலை.

மதியம் ஜும்மா தொழுகை முடிந்ததும் மஸ்தான் பாய் வருகிறார். பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி என்று வரிசையாகப் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். அவர் விரல் வைத்துப் பெட்டி ஏற்றுக்கொண்டால் சபீனாவுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. பூந்தமல்லியில் கார் சீட் கவர் தைக்கிற அவளுடைய அத்தா, மகள் நிரந்தரமாகிவிட்டதாகத் தெரு முழுக்க ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

காலையிலேயே பெட்டிக்கான மென்பொருளைச் சர்வரில் கட்டும் பில்டைத் தொடங்க உட்கார்ந்தாள். தங்கராஜ் தடுத்தார். வெள்ளிக்கிழமை என்றால் கணக்குப் பிரிவு சுலோசனா ஊதுபத்தியோடு சர்வர் அறைக்குள் போவார். அவர் வெளியே வந்தபிறகுதான் யாரும் எதையும் தொடங்கலாம். அது முதலாளியின் உத்தரவு. சுலோசனா வெளியே வந்தார், பில்ட் தொடங்கியது. முடியவே நண்பகலாகிவிட்டது. முடிந்ததும் அவர் இன்னொரு ஊதுபத்தியோடு மறுபடி உள்ளே போனார். சர்வருக்கு உச்சிகால பூஜையும் உண்டு போலிருக்கிறது என்று சபீனா நினைத்துக்கொண்டாள்.

பெட்டியை ஓடவிட்டாள். சென்சார் இருட்டாகவே இருந்தது.

தப்பு அவளுடையதுதான். சென்சார் மாட்யூலுக்கு முன்னால் இன்னொரு மாட்யூல் ஏற வேண்டும். எதற்கு முன்னால் எது என்று கண்டுபிடிக்கிற திறமைக்கு, இடம் மிச்சமாகட்டும் என்று 'வேண்டாம்' போட்டிருந்தாள். 'வேண்டும்' என்று மாற்றி மறுபடி பில்ட் கொடுத்தாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

அதில் அதிசயமில்லை. பில்ட் சிக்கனமானது. எழுதிக் கொடுத்தது மாவு, கட்டி முடித்தது இட்லி என்றால், இரண்டின் நேரத்தையும் சர்வர் கடிகாரப்படி பார்க்கும். மாவு பிந்தியதாக இருந்தால் மறுபடி வேகவைக்கும். இட்லி பிந்தியதாக இருந்தால், அதான் வெந்துவிட்டதே என்று விட்டுவிடும். மாற்றியது ஒரே ஒரு வரி, சீக்கிரம் முடியத்தானே செய்யும் என்று பெட்டியைத் திரும்ப ஓடவிட்டாள்.

இருட்டு.

சர்வருக்குள்ளே என்ன நடந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் அவளுக்கு அனுமதி இல்லை. அப்போதுதான் எழுந்து போய்க் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

கிடைக்காமல் திரும்பியவள், வேறு வழி பார்த்தாள். பெட்டி எழுந்ததும் ஓடுகிற பட்டியலில் இரண்டு மாட்யூலையும் வரிசையாகத் தானே ஏற்றச் சொல்லி எழுதினாள். பட்டியல் புதிது, அதனால் உள்ளே ஏறிவிட்டது. ஆனால் வரிசையை அவளே சொன்னாலும், ஏற்றுவதற்கு அது கூப்பிட்டது அதே திறமையை; அது பெட்டிக்குள் இல்லை. காலையில்தான் 'வேண்டாம்' போட்டிருந்தாளே. அதைத்தான் மாற்றிவிட்டோமே என்று அவள் திகைத்துக்கொண்டிருக்கும்போதே, பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தது. "வணக்கம். விரலை வைக்கவும்" என்றது. வைப்பதற்குள் அணைந்தது. எழுந்தது. "வணக்கம். விரலை வைக்கவும்."

முதல் சில வணக்கங்களுக்கு சுலோசனா தன் இடத்திலிருந்தே கைகூப்பினார். பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். கீழே லேத் பட்டறையிலிருந்து ஒருவர் மேலே வந்து, யாராவது அந்தப் பெட்டியில் விரலை வைத்துத் தொலைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வரிகளை எடுத்தாள். வணக்கம் நின்றது. ஆனால் சென்சாரே இல்லை என்று பெட்டி முடிவு கட்டிவிட்டது. சென்சார் இல்லாவிட்டால் சோதனை ஓட்டத்துக்குப் போய்விடும். எதிரே நிழல் ஆடினாலே போதும்.

மஸ்தான் பாய் அத்தர் மணக்க வந்து நின்றார். கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"நன்றி. வருகை பதிவானது" என்றது பெட்டி.

பாய் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு அடி பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தார்.

"நன்றி. வருகை பதிவானது."

"இன்னாமா இது? நான் இன்னும் வெரலே வெக்கல."

"சென்சார் டிரைவர் ஏறல சார்" என்றாள் சபீனா. மூடி மறைக்க அவளுக்கு வராது.

"என்னைவிட எங்க கடைப் பசங்களுக்குத்தாம்மா இந்த மிஷின் ரொம்பப் புடிக்கும். ஊட்ல தூங்கிகினே பதிவாயிடுவானுங்க போலகீதே" என்று சிரித்தார். வேறு ஒரு இடத்திலும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று படியிறங்கினார். போகும்போதும் பெட்டி அவருக்கு நன்றி சொன்னது.

தங்கராஜ் அவர் முதுகு மறையும்வரை புன்னகையைப் பிடித்து வைத்திருந்தார். பிறகு விட்டார்.

"ஒரு மாட்யூல் ஏத்தத் தெரியல. முதல் பட்டதாரி சலுகையில படிச்சுட்டு வந்தா இப்படித்தான்."

அந்தச் சத்தம் பஞ்சு வைத்திருந்த சுலோசனாவின் காதுக்கும் எட்டியது.

"அந்தச் சலுகை எங்கத்தா படிக்காததுக்கு சார். நான் படிக்காததுக்கு இல்ல" என்றாள் சபீனா. "கடைசியாக் கேக்கறேன். பாஸ்வேர்டு குடுங்க. பாயி அந்த இன்னொரு இடத்துல முடிவு பண்றதுக்குள்ள கூப்பிட்டுடலாம். எம்மேல தப்புன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

தங்கராஜ் மேசை மீதிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "உன்ன நம்பி எப்படிக் குடுக்கிறது?"

அவ்வளவுதான். சபீனா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். அழுகை வந்தால் வாசலுக்கு அந்தப்பக்கம் போய் அழலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் கதவைத் தாண்டும்போது பெட்டி, "நன்றி. வருகை பதிவானது" என்றது.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே சுலோசனா மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் சபீனா மறந்துவிட்ட டிபன் பாக்ஸ். அது திறக்கப்படவே இல்லை.

"சாப்பிடக்கூட இல்லியேம்மா. இன்னா கேட்டன்னு அந்த மனுஷன் இப்படிக் கத்தறாரு?"

"ரூட் பாஸ்வேர்டு, அக்கா" என்று டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு படியில் காலை வைத்தாள் சபீனா. நாளை முதல் இந்தப் படி ஏறுவதில்லை என்று முடிவாகிவிட்டதால் இறங்குவது சுலபமாகவே இருந்தது.

மேல்படியிலிருந்து சுலோசனாவின் குரல் பின்தொடர்ந்தது.

"அடப்பாவமே, அது அவருக்கே தெரியாதேம்மா, எங்கிட்டதான முதலாளி குடுத்து வெச்சிருக்காரு! வெள்ளிக்கெழம ராகு காலத்துல எந்த வேலையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு, அந்த சர்வர் கடிகாரத்த காலையில ஒன்றர மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுட்டு, பன்னெண்டு அடிச்சதும் மறுபடி சரியா வெக்கிறதே நான்தானே."