இரகசிய வாடிக்கையாளருக்கு ஓர் இறப்பர் முத்திரை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சில்லைக் கண்டுபிடித்தது. அதன்பின் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் ‘இரகசிய வாடிக்கையாளர்’ என்ற பதவியைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அவை கண்டவர் நின்றவர் கையிலெல்லாம் அகப்படுபவை. மூன்றாவது மட்டும், ஆள் பார்த்து, கல்முனையில் எனக்கு வழங்கப்பட்டது.

என் பெயர் அபுல் ஹஸன். அரசாங்க அலுவலகமொன்றில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு படிவத்திலாவது ஒரு பொய்யை நான் எழுதியதுமில்லை, எழுத விட்டதுமில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த ஓர் எழுத்துப் பிழைக்காக என் சொந்த மச்சானையே நான்கு முறை அலையவைத்தவன் நான். ஊரில் என்னைப் ‘படிவக் காக்கா’ என்பார்கள்; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அது மரியாதையினால் என்றே நினைக்கிறேன்.

ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் நிரப்புவதற்கு ஒன்றுமில்லை. மின்சாரக் கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தையும் வாசித்து முடித்திருந்த ஒரு நாளில்தான் கொழும்பு நிறுவனமொன்றின் விளம்பரம் வட்ஸ்அப்பில் வந்தது. சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடைக்குப் போக வேண்டும். சாமான் வாங்க வேண்டும். கடைக்காரர் அறியாமல் எல்லாவற்றையும் கவனித்து, வீட்டுக்கு வந்து நாற்பத்தேழு கேள்விகள் கொண்ட படிவமொன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். நாற்பத்தேழு கேள்விகள் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

‘பயிற்சிக் கருத்தரங்கு’ தொலைபேசித் திரையிலேயே நடந்தது. நதீரா என்ற இணைப்பாளர் கொழும்பிலிருந்து தோன்றினார். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் பதவி பதவிதான் என்பதால் நான் எழுந்து நின்றே கேட்டேன்.

“உங்கட முதல் பரிசோதனை செழிப்பு சுப்பர் மார்க்கட், கல்முனைக் கிளை. நீங்க போடுற புள்ளி ரொம்ப முக்கியம் சேர். தகுதிகாண் காலத்துல இருக்கிற ஊழியர் எண்பது எடுத்தாத்தான் நிரந்தரமாக்குவாங்க.”

“எடுக்காவிட்டால்?”

“அவங்களுக்கு வேறு நல்ல வாய்ப்புகள் அமையட்டும் எண்டு வாழ்த்துவோம் சேர்.”

என்ன கண்ணியம். எங்கள் அலுவலகத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதென்றால் மூன்று விசாரணை, இரண்டு மேன்முறையீடு, நடுவில் ஒரு வேலைநிறுத்தம். இங்கே ஒரு வாழ்த்தோடு முடிந்துவிடுகிறது.

“ஆனா இரகசியம் அவசியம் சேர். கடைசிக் கேள்வி, நாற்பத்தேழாவது, ‘பரிசோதகர் அடையாளம் காணப்பட்டாரா?’ ஓம் எண்டு போட்டா முழுப் பரிசோதனையும் இரத்து. புள்ளி சேராது, உங்களுக்குக் கொடுப்பனவும் இல்லை. நாங்க வெளியூர் ஆள் ஒருத்தரை அனுப்பித் திரும்பச் செய்வோம். இல்லை எண்டு வந்தா நீங்க ‘தங்கத் தரம்’. தங்கத் தரத்து ஆக்கள் அறுகம்பேயில ஹோட்டல் பரிசோதிக்கலாம். கடல் பக்க அறை, மனைவிக்கும் சேர்த்துச் சாப்பாடு.”

கூடவே அந்த அறையின் படத்தையும் அனுப்பிவைத்தார். கட்டிலின் மேல் துவாயை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள்.

பதவி கிடைத்ததும், பதவி கிடைத்த எவரும் செய்வதை நானும் செய்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே பாயிஸ் என்பவருடைய முத்திரைக் கடை. அங்கே போய் ஓர் இறப்பர் முத்திரைக்குச் சொல்லிக் கொடுத்தேன். முத்திரை இல்லாத ஒருவன் அனுப்பும் அறிக்கையை யார் நம்புவார்கள்?

“என்ன எழுதணும் காக்கா?” என்று பாயிஸ் கேட்டார்.

“அபுல் ஹஸன், இரகசிய வாடிக்கையாளர், கல்முனை.”

“இரகசிய எண்டதப் பெருசாப் போடவா?”

“நடுத்தரமாப் போடு. விசயம் வெளியில தெரியப்படாது.”

“நான் யாருக்குக் காக்கா சொல்லப் போறன்.”

பாயிஸ் சொல் தவறாதவர். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. எல்லா முத்திரைக்கும் செய்வது போல இதற்கும் மாதிரி ஒன்றைத் தாளில் குத்திக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டினார், அவ்வளவுதான். ஒரு பாடசாலை அதிபருக்கும் ஒரு சமாதான நீதவானுக்கும் நடுவில், நல்ல ஊதா மையில், மூன்று நாட்களாக நான் பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனை நாளன்று மாறுவேடம் பூண்டேன். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தந்த கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம், மருமகனின் கிரிக்கெட் தொப்பி. கண்ணாடியில் பார்த்தபோது என்னையே எனக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது ஓட்டோக்காரர் சீனித்தம்பி தலையை வெளியே நீட்டினார். காரைதீவுக்காரர், நல்ல மனிதர்.

“ஹஸன் அண்ணன், கடைய ஓடிட் பண்ணவா?”

“சே, சும்மா சாமான் வாங்க.”

“ஓம் ஓம். நாங்க ஒண்டும் காணல்ல.”

இதை ‘அடையாளம் காணல்’ என்று கொள்ள முடியாது. ஒன்றும் காணவில்லை என்று அவரே வாக்குமூலம் தந்துவிட்டார்.

உள்ளே காசாளர் இடத்தில் பஹ்மிதா நின்றாள். என் மனைவி முனவ்வறாவின் ஒன்றுவிட்ட தம்பி மகள். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் இவளுடைய சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் ஒரு மாதத்தில் நிரந்தரம் என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வாள். கடையில் உறவினர் உண்டா என்று படிவமும் கேட்டிருந்தது. பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறப்பு என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. ஒன்றுவிட்டதற்குக் கட்டம் இல்லை. ஆகவே எனக்கு அங்கே உறவினர் இல்லை.

எனக்கு முன்னால் வங்கிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் நின்றார். பஹ்மிதா அவரைப் பார்த்துச் சிரித்தாள். “செழிப்புக்கு நல்வரவு சேர். நீங்கள் தேடியதெல்லாம் கிடைத்ததா? புதிய சவர்க்காரம் ஒன்று வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா?” என்றாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அவர் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு போனார். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது.

அடுத்தது நான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. கண்ணுக்கு என்ன, திரும்பவும் வெட்டினீங்களா?”

ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. முகக்கவசத்துக்குள் இருந்து வேறு குரலில் சொன்னேன்.

“தொண்டையும் சரியில்ல போல,” என்றாள்.

கேள்வி பன்னிரண்டு: நிர்ணயிக்கப்பட்ட வரவேற்பு வாசகத்தைக் கூறினாரா? இல்லை. பதின்மூன்று: மூன்று வினாடிக்குள் புன்னகைத்தாரா? இல்லை, கவலையோடு என் கண்ணைப் பார்த்தார். இருபத்தொன்று: தொழிலுக்குப் புறம்பான உரையாடலில் ஈடுபட்டாரா? ஓம். முனவ்வறாவின் முழங்கால் வலிக்கு ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

என் கூடையில் தகரத்தில் அடைத்த இனிப்புப் பால், அதாவது ரின்பால், இரண்டு இருந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். சலுகைப் பொருள் ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்பது பரிசோதனை விதி. பஹ்மிதா இரண்டு ரின்களையும் கையில் எடுத்தாள். பட்டியலில் சேர்க்கவில்லை. பின்னால் இருந்த தட்டில் வைத்துவிட்டாள்.

“இது ஒங்களுக்கு வேணா மாமா.”

“வீட்டுக்குப் புள்ள.”

“வீட்டுல ரின்பால் குடிக்கிற ஆள் நீங்க மட்டுந்தானே. போன கிழமை ஒங்கட இரத்தத்துல சீனி முந்நூற்றிப் பத்து இரிக்கி எண்டு மாமி அழுதா. நான் தர மாட்டன்.”

கேள்வி இருபத்தாறு: மேலதிகக் கொள்வனவுக்கு வாடிக்கையாளரை ஊக்குவித்தாரா? வாசித்த அறிவைக் கொண்டு சொல்கிறேன், கூடையில் இருந்ததைப் பிடுங்கி எடுத்த ஓர் ஊழியரை எந்தப் படிவமும் இதுவரை எதிர்பார்த்ததில்லை. நான் மிச்சச் சாமான்களுக்குக் காசு கொடுத்தேன். பையை நீட்டும்போது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“சீல் அடிச்சுத்தான் அனுப்புறதா மாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரிஞ்சிக்கிட்டா ரின்பாலைப் பறிச்ச?”

“எல்லாருக்கும் தெரியுந்தானே. மார்க் கூடினா எனக்குச் சந்தோசந்தான். சீனி கூடினா மாமியெல்லோ கிடந்து தவிக்கிற.” அப்போதுதான் சிரித்தாள். மூன்று வினாடி எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, தொழப் போவது போல ஒளுச் செய்துகொண்டு, படிவத்தைத் திறந்தேன். நாற்பத்தாறு கேள்விகளுக்கும் மனச்சாட்சிக்குப் பயந்து உண்மையை மட்டுமே எழுதினேன். உறவு என்று ஒரு புள்ளி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கூட்டுத்தொகையைத் திரையே காட்டியது. முப்பத்தெட்டு.

ரின்பால் கதையையும் கடைசிக் கேள்வியையும் என்னிடம் கேட்டறிந்திருந்த முனவ்வறா தேத்தண்ணீர் கொண்டுவந்து எட்டிப் பார்த்தாள். “எத்தின வேணும்?”

“எண்பது.”

கோப்பையை வைத்தாள். “அந்தப் புள்ள ஒங்கட உசிரப் பாத்ததுக்கா வெட்டினீங்க?”

“நான் எங்க வெட்டின? ஊக்குவிச்சாளா எண்டு கேக்குது. ஊக்குவிக்கல்ல. உண்மையத்தானே எழுதணும்.”

“அப்ப கடைசிக் கேள்விக்கும் உண்மைய எழுதுங்க. ஓம் எண்டு போடுங்க. வெளியூரான் ஒருத்தன் வந்தா அவ வடிவாச் செய்வா.”

“முனவ்வறா, ‘அடையாளம் காணல்’ எண்டா என்னெண்டு முதல்ல வரைவிலக்கணம்...”

“ஒங்கட பேரு மூணு நாளா பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால தொங்குது,” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போனாள்.

நான் யோசித்தேன். ஓம் என்று போட்டால் பஹ்மிதாவுக்கு இன்னொரு சந்தர்ப்பம். எனக்கோ, முப்பத்தொரு வருட அனுபவம் உள்ள ஒருவனை முதல் நாளே ஓட்டோக்காரர் தொடங்கிக் காசாளர் வரை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று, நதீரா போன்ற ஒரு சின்னப் பிள்ளையிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அந்த அன்னப்பறவைத் துவாயும் கண்ணுக்குள்ளேயே நின்றது. ‘இல்லை’ என்ற கட்டத்தை அழுத்தினேன். ஒரு தாளில் முத்திரையைக் குத்திப் படம் பிடித்து இணைப்பாக அனுப்பினேன்.

பத்தாம் நாள் பஹ்மிதாவுக்கு வாழ்த்து வந்தது. வேறு நல்ல வாய்ப்புகள் அமையட்டும் என்று, நதீரா சொன்ன அதே வாசகம். முனவ்வறா சோறு கறி சமைத்துச் சட்டியோடு அந்த வீட்டுக்குப் போனாள். அறுகம்பேக்கு வர மாட்டேன் என்று போகும்போதே சொல்லிவிட்டாள். நான் தனியாகப் போய், கடல் பக்க அறையில் இருந்து, இரண்டு பேரின் சாப்பாட்டையும் பரிசோதித்தேன். இனிப்பு மூன்று வகை வைத்தார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. புன்னகைக்கு முழுப் புள்ளி போட்டேன்.

இப்போது நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. புதிதாகச் சேர விரும்புவோர், கடைப் பரிசோதனை பெறுமதியான தொழில்தானா என்று கேட்கிறார்களாம். தங்கத் தரத்தவர் என்ற முறையில் நான் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். எழுதுகிறேன்.

பெறுமதியானதுதான். கொடுப்பனவு சொன்ன நாளில் வந்தது. பெற்றோல் போகக் கொஞ்சம் மிஞ்சியது. கடல் நல்ல நீலமாக இருந்தது. கடினமான வேலை என்றும் சொல்ல முடியாது. அந்தப் படிவம் முழுவதிலும் நான் எழுத வேண்டியிருந்தது ஒரேயொரு பொய்தான், அதுவும் என்னைப் பற்றியது. வேலை போனது பஹ்மிதாவுக்கு.