நாலு வயது பத்தாது

"ஏழு வயசு ஆகட்டும்," என்றான் கணவன், வாயில் பிரஷ்ஷோடு.

"ஏழா? எதுக்கு ஏழு?"

"ஏழுன்னா எல்லா ஆட்டத்துலயும் ஏத்துவாங்க. இப்பக் கூட்டிட்டுப் போனா, பாதி இடத்துல 'நீ குட்டி, தள்ளி நில்லு'ன்னுடுவாங்க. நாம வேலி ஓரமா நின்னு அடுத்தவங்க புள்ளைங்க சுத்துறதப் பாத்துட்டு வரணும்."

"ஏழுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குங்க."

"இருக்கட்டுமே. பார்க் எங்க ஓடிடப் போகுது?"

பார்க் ஓடாது என்பது அவளுக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருப்பது எது என்பதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். ஒருவர் நீட்டும் சீட்டைப் பார்த்தே, அவர் இன்னும் எத்தனை தடவை இந்தக் கடைக்கு வருவார் என்று மனதுக்குள் கணித்துவிடுவாள். அந்தக் கெட்ட பழக்கத்தில் ஒருநாள் தன் சீட்டையும் கணித்துவிட்டாள். மருத்துவர் நாள் எதுவும் குறிக்கவில்லை. "செய்யணும்னு நினைச்சதத் தள்ளிப் போடாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, மேசையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார்.

வீட்டில் அவள் சொல்லவில்லை. மாத்திரைகளை ஒரு சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டு, தினமும் கணவன் எதிரிலேயே விழுங்கினாள். சொல்லிவிட்டால் அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பிறகு குழந்தையின் மனதில் தங்கப்போவது அந்தத் தாழ்ந்த குரல் மட்டும்தான். அதை அவள் விட்டுவிட்டுப் போக விரும்பவில்லை. வேறு ஏதாவது வேண்டும். வெளிச்சமாக, சத்தமாக, அதன் நடுவில் தன் முகம் தெரிகிற மாதிரி ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

அந்த டப்பா நாத்தனார் கண்ணில் பட்டது இன்னொரு வம்பு.

"எனக்கும் அசதியாத்தான் இருக்கு. ரெண்டு குடேன்."

"இது உங்களுக்கு ஒத்துக்காது அண்ணி."

"உனக்கு ஒத்துக்குறது எனக்கு ஏன் ஒத்துக்காது? மருந்துக் கடையிலயே இருக்க, ஒரு சத்து மாத்திரை குடுக்க மனசு வரல பாரு!"

கணவனின் அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். டப்பா விஷயத்தைத் தம்பி காதிலும் போட்டுவைத்தாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கருத்துச் சொல்லிவிடுவாள். தீம் பார்க்கைப் பற்றியும் சொன்னாள்.

"அஞ்சு வயசுக்கு முன்னாடி எதுவும் மனசுல நிக்காது. என் பையன மூணு வயசுல ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போனோம். ஏர்ஹோஸ்டஸ் மடியில உக்காந்து சாக்லேட் தின்னான். இப்பக் கேட்டா, 'எந்த ஃப்ளைட்?'ங்கிறான்."

கடை முதலாளியைக் கேட்டால் பத்து என்றார். ஏலம் மேலே போய்க்கொண்டே இருந்தது. அவள் கையிலோ நாலு வயதுக் குழந்தைதான் இருந்தது.

மனசுல நிக்காது. அந்த ஒரு வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. நாலு வயதில் தனக்கு என்ன நின்றது என்று தோண்டிப் பார்த்தாள். கடற்கரையில் அப்பாவின் தோளில் அமர்ந்து சிரிக்கிற போட்டோ இருக்கிறது. கடல் நினைவில் இல்லை, தோளும் இல்லை. நிற்பது ஒன்றே ஒன்று. துணிக்கடை, கூட்டம், அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் மேலே வேறு யாரோ ஒருத்தியின் முகம். அவ்வளவுதான். அந்த முகத்தின் மூக்குகூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"மருந்து கம்பெனிக்காரர் பாஸ் குடுத்திருக்காருங்க. இந்த மாசத்தோட முடியுது. வீணாப் போயிடும்."

கணவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவன். ஓட்டுபவரின் முகத்தை விட்டுவிட்டுக் காலைக் கவனிக்கிற தொழில். இப்போதும் அவள் காலைத்தான் பார்க்கிறானோ என்று தோன்றியது. அவள் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"சரி, போலாம். ஆனா இந்த ஞாயிறு வேணாம். எனக்கு வேலை இருக்கு. உனக்கும் கடை உண்டு. அதுக்கு அடுத்த ஞாயிறு நீ லீவு போடு."

ஏழு வயது ஒரே மூச்சில் நாலாக இறங்கிவிட்டது. ஓசி என்றதும் எப்படி இளகுகிறான் பார் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கசப்பும் வந்தது.

ஓசி என்ற சொல் அடுத்த தெருவரை கேட்டிருக்க வேண்டும்.

"பாஸாமே! நானும் வரேன்," என்று வந்து நின்றாள் நாத்தனார். "குழந்தைய வச்சுக்க ஒரு ஆள் வேணாமா?"

இல்லாத பாஸில் இல்லாத ஓர் இடத்தைக் கொடுக்க முடியாதென்று சொல்ல வழியில்லை. கடையிலிருந்து பாதியில் கிளம்பிப் போய், எல்லோருக்கும் டிக்கெட் வாங்கி வந்தாள். வெயிலில் வரிசையில் நின்ற களைப்பில் அன்றிரவு அவளால் எழுந்து சாப்பாடு போட முடியவில்லை. கணவனே போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வந்தது.

பார்க்கின் வாசலில் பெரிய கோட்டை மாதிரி ஒரு வளைவு. வண்ண வண்ணக் கொடிகள். அவள் கோட்டையைப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்தாள். முதல்முதலாகப் பார்க்கும்போது அந்தக் கண்கள் விரிவதைத் தான் பார்த்துவிட வேண்டும். எடுத்துக்கொண்டு போக அது போதும்.

குழந்தை கோட்டையைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. பிறகு வாயை அகலமாகத் திறந்தது.

"ஆ! எவ்ளோ பெருசு!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெருசா இருக்காடா கண்ணு?"

"ஆமா. எவ்ளோ பெருசு!"

உள்ளே நுழைந்ததும் தவளை வடிவத்தில் ஒரு குப்பைத்தொட்டி.

"ஆ! எவ்ளோ பெருசு!"

அதற்கடுத்து ஒரு சாதாரண பெஞ்சு. "ஆ! எவ்ளோ பெருசு!"

"இதுக்குத்தான் அஞ்சு ஆகட்டும்னு சொன்னேன்," என்றாள் நாத்தனார். "பெஞ்சுக்கும் கோட்டைக்கும் வித்தியாசம் தெரியல பாரு."

"விடுக்கா. குழந்தைதான்," என்றான் கணவன் அவசரமாக.

குதிரை ராட்டினத்தில் அவள் குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஏறினாள். பாட்டு அலறியது. குதிரைகள் ஏறி இறங்கின. பக்கத்துக் குதிரையில் ஒரு சிறுமி சந்தோஷத்தில் கூச்சலிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருக்கா செல்லம்?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

விருந்துக்கு வந்தவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற குரல். ஒவ்வொரு சுற்றிலும் அப்பா நிற்கும் இடம் வந்ததும் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து பல்லைக் காட்டியது. அந்த இடம் தாண்டியதும் பல்லை மூடிக்கொண்டது.

எதுவும் உள்ளே போகவில்லை. இன்று மாலைக்குள் எல்லாம் வழிந்துவிடும். சந்தோஷம் நிற்காது என்பது தனக்குத் தெரிந்ததுதானே? கடல் நிற்கவில்லை. நின்றது துணிக்கடைதான்.

அப்படியென்றால் பயம்தான் நிற்கும்.

யோசனை வந்த வேகத்தில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் வேறு கையிருப்பு இல்லை. கொஞ்சம் பயமுறுத்தி, உடனே இறுக்கிக் கட்டிக்கொண்டால்? பயம் நிற்கும். பயத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட கைகளும் நிற்கும் அல்லவா?

"பேய்க் குகைக்குப் போலாம்," என்றாள்.

கணவன் திடுக்கிட்டான். "அது எதுக்கு? அது நம்ம... அது வேணாம்மா."

அவள் கேட்கவில்லை. குகை வாசலில் இருந்த பெண் குழந்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"அஞ்சு முடிஞ்சிடுச்சு."

"பொய் சொல்லாத!" பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் குகைக்குள்ளேயே எதிரொலித்தது. "நாலுதான்! பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நாந்தான் துணைக்கு இருந்தேன்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சங்கிலியைப் போட்டுவிட்டாள்.

அடுத்தது ராட்சத ராட்டினம். பெரியவர் மடியில் குழந்தையை விட்டார்கள். தொட்டில் உச்சிக்குப் போய் நின்று ஆடியபோது, கீழே மரங்கள் கீரைக் கட்டு மாதிரி தெரிந்தன. பயந்துவிடும், இப்போது கட்டிக்கொள்ள வேண்டும் என்று கையைத் தயாராக வைத்திருந்தவளுக்குத்தான் கண் இருட்டியது. மூச்சு பாதியில் நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

ஒரு சின்னக் கை அவள் முதுகைத் தடவியது.

"பயமா இருந்தா பல்லக் கடிச்சுக்கோம்மா. மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணு. போயிடும்."

"யாருடா சொல்லிக் குடுத்தா?"

குழந்தை கீழே எட்டிப் பார்த்தது. "யாரும் இல்லையே."

இறங்கியதும் அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"குழந்தைக்கு வயசு பத்தாதுன்னு பாத்தா, உனக்கே பத்தலயே!" என்றாள் நாத்தனார்.

கணவன் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போலாமா?" என்றான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று எழுந்தாள்.

மரத்தடியில் கரடி வேஷக்காரர் ஒருவர் குழந்தைகளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. கண்ணாடிக் கண், நீண்ட நகம். அவள் அருகில் போய்க் கிசுகிசுத்தாள்.

"அண்ணா, என் பொண்ணக் கொஞ்சம் பயமுறுத்துங்களேன்."

கரடிக்குள்ளிருந்து தயக்கமான குரல் வந்தது. "பயமுறுத்தணுமா? எல்லாரும் பயமுறுத்தாதீங்கன்னுதான்மா கேப்பாங்க."

"கொஞ்சமா. ஒரே ஒரு தடவ. நான் பக்கத்துலயே நிப்பேன்."

கரடி திரும்பிக் குழந்தையைப் பார்த்தது. பிறகு தூரத்தில் நின்ற கணவனைப் பார்த்தது. ஏனோ நகராமல் நின்றது. அவள் மறுபடி கெஞ்சினாள். கடைசியில் இரண்டு கைகளையும் தூக்கி, மனசே இல்லாமல் ஒரு உறுமல் உறுமியது.

குழந்தையின் உடம்பு விறைத்தது. கண்களில் நீர் முட்டியது, விழவில்லை. தாடை இறுகியிருந்தது. உதடுகள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணி முடித்ததும் நடுங்கும் குரலில் சொன்னது:

"ஆ! எவ்ளோ... அழகு!"

அவள் பாய்ந்து கட்டிக்கொண்டாள். அழு, ஒரு தடவை அழுதுவிடு என்று அந்தச் சின்ன முதுகை அழுத்தினாள். குழந்தை அழவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றது. அதன் கால் வழியாகச் சூடாக ஈரம் மட்டும் இறங்கி, அவளுடைய செருப்பை நனைத்தது.

கணவன், "தண்ணி வாங்கிட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, கடை இல்லாத பக்கமாக வேகமாக நடந்தான்.

"கரடியக் கூப்பிட்டு வந்து பெத்த புள்ளையக் கலங்கடிக்கிற அம்மாவ இப்பத்தான் பாக்குறேன்," என்று நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனாள். தோளுக்கு மேலாகக் குழந்தை அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

அவள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்தது. சந்தோஷத்தைத் தர முடியவில்லை, அதற்குப் பதில் பயத்தைத் தரப் பார்த்தாள், அதுவும் தங்கவில்லை. ஒருவேளை தங்கினால், கரடியைக் கூப்பிட்டவள் என்றுதான் தங்கும்.

கரடி தயங்கித் தயங்கி வந்து நின்றது. தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டது. உள்ளே வழுக்கை விழுந்த, வியர்த்துப்போன ஒரு மனிதர் இருந்தார்.

"அழாதீங்கம்மா."

"எல்லாரும் சொன்னாங்கண்ணா. நாந்தான் கேக்கல," என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நாலு வயசு பத்தாது. இவளுக்கு எதுவும் மனசுல நிக்காது."

"நிக்காதா? போன ஞாயித்துக்கிழமை என்னப் பாத்து இந்த இடமே அதிர்ற மாதிரி அலறின புள்ளம்மா இது. 'அம்மாவோட வர்ற அன்னிக்கு மட்டும் அழக் கூடாதுடா, எல்லாத்தயும் புதுசாப் பாக்குற மாதிரி பாக்கணும், அம்மாவுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு'ன்னு பல்லக் கடிச்சு எண்ணச் சொல்லிக் குடுத்துட்டு, உங்க வீட்டுக்காரருதான் இங்க உக்காந்து அழுதாரு."