0.42 ஓமும் என் தங்கையின் பரிசமும்

யாரையும் எளிதில் நம்பாதவன் என்று என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. பெட்ரோல் நிலையத்தில் எண்கள் ஓடும்போது இமைக்காமல் முறைப்பேன். ரொட்டி சானாய் கடையில் பக்கத்து மேசைக்காரனுக்குப் பெரிய மாவு உருண்டை போகிறதா என்று கவனிப்பேன். (போகும். எப்பவும் போகும்.) சுங்கை ஊடாங் பக்கம் ஓர் ஆலையில் எனக்கு மின் பராமரிப்பு வேலை. நாள் முழுக்க மோட்டார்களை மீட்டர் வைத்துச் சோதிப்பவனுக்கு மனிதர்களையும் சோதிக்கத் தோன்றுவது இயல்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இந்தக் குணம் உச்சத்தில் இருந்தபோதுதான் என் தங்கை தேவிகா, ஜாசினில் வேப் எனும் மின்சிகரெட் கடை வைத்திருந்த முகிலனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள். அம்மாவுக்குச் சம்மதம். அப்பா இல்லாத வீடு என்பதால் விசாரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஜாசின் சந்தையில் கேட்டேன். பேருந்து நிலையத்தில் கேட்டேன். அவன் கடைக்குப் பக்கத்தில் முடி வெட்டும் அண்ணனிடமும் கேட்டேன். ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வலுத்தது. குறையே இல்லாத ஆள் எங்கே இருக்கிறான்? ஊரையே கைக்குள் போட்டு வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

கிட்டப் போனால்தான் பிடிக்க முடியும். சிகரெட்டை விடப்போவதாகச் சொல்லி அவன் கடையிலேயே ஒரு வேப் வாங்கினேன். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் ரகம் அது. அதற்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். காயில் என்பார்கள். அதனுள் பஞ்சு. கம்பி சூடாக ஆக அதன் மின்தடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எவ்வளவு ஏறியது என்பதை வைத்துத்தான் அந்தக் கருவி சூட்டைக் கணக்கிட்டு, பஞ்சு கருகும் முன் நிறுத்தும். ஆகவே ஆறிய நிலையில் காயிலின் தடை எவ்வளவு என்று அதற்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். காயில் பெட்டியில் 0.12 ஓம் என்று அச்சடித்திருந்தது. கருவியும் 0.12 என்றே காட்டியது.

இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னதுதான் எனக்கு இடித்தது. பெட்டியும் அவன் விற்றது, கருவியும் அவன் விற்றது. வீட்டுக்கு வந்ததும் என் சொந்த மீட்டரை எடுத்தேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய மீட்டர். அதன் ஒயர்கள் ஒருமுறை அறுந்துபோக, வீட்டில் கிடந்த மெல்லிய ஒயரை ஒட்டுப் போட்டு நானே நீட்டியிருந்தேன். அந்த வேலைப்பாட்டில் எனக்குத் தனிப் பெருமை. காயிலின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். 0.42!

பாவம், இந்தக் கருவியையும் ஏமாற்றியிருக்கிறான் என்று அதன் மேல் இரக்கப்பட்டேன். அதில் இருந்த எண்ணை அழித்துவிட்டு 0.42 என்று நானே மாற்றி வைத்தேன். இரண்டே இழுப்பு. பஞ்சு கருகி, பழைய டயரைக் கொளுத்தி விழுங்கியதைப் போல் தொண்டை எரிந்தது. கண்ணில் நீர் வர இருமினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா!

மறுநாள் கடைக்குப் போய், எண்ணை மாற்றியதைச் சொல்லாமல், பஞ்சு கருகுகிறது என்று மட்டும் சொன்னேன். முகிலன் காயிலைத் தன் சோதனைக் கருவியில் வைத்தான். 0.12. (அவன் கருவி வேற என்ன சொல்லும்?)

"காயில் சரியாத்தான் இருக்கு மச்சான். பரவால்ல லா, புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க. காசெல்லாம் வேணாம்."

நல்லவன் எதற்காகச் சும்மா கொடுப்பான்? சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். பழைய காயிலைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தேவிகாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அவனிடம் சொல்லிவிடுவாள், அவன் உஷாராகிவிடுவான். சபையில் வைத்துத்தான் உடைக்க வேண்டும் என்று பரிச நாளுக்காகக் காத்திருந்தேன்.

மெர்லிமாவில் எங்கள் வீட்டுக் கூடம் அன்று நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பழம், பூ, சேலை என்று தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். நடுத் தட்டில் ஒரு ஜோடி தங்க வளையல். முகிலனின் பெரியப்பாதான் அவர்கள் பக்கத்துக்குப் பெரியவர். ஒரு காலத்தில் செம்பனை லாரி ஓட்டியவர், குரலே ஹாரன் மாதிரி இருக்கும். தட்டு மாற்றுவதற்கு முன், "பொண்ணு வீட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று வழக்கப்படி கேட்டார். யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்தான்.

நான் மீட்டருடன் எழுந்தேன்.

"பெரியவங்க மன்னிக்கணும். இது மாப்பிள்ள கடையில வாங்குன காயிலு. பெட்டியில போட்டிருக்கறது 0.12. நெசமா எவ்ளோன்னு எல்லாரும் பாருங்க." மீட்டரை உயர்த்திக் காட்டினேன். "0.42! மூணரை மடங்கு!"

பெரியப்பா யோசித்தார். "மூணரை மடங்கு கூடத்தானே குடுத்திருக்கான்? அதுக்கு ஏன் தம்பி கோவப்படுற?"

கூடம் சிரித்தது. முகிலன் மட்டும் என் கையையே பார்த்தான். "மச்சான், அந்த ஒயரு..." என்று ஆரம்பித்தான். பேச்சை மாற்றப் பார்க்கிறான் என்று கையமர்த்தினேன். மீட்டர் நேர்மையானது என்று நிரூபிக்க, தேநீர்த் தட்டில் இருந்த கரண்டியை அளந்தேன். 0.30. எனக்குப் புரியவில்லை. குங்குமச் சிமிழை அளந்தேன். 0.30. சிமிழ் வெள்ளிதானா என்று அதன் மேலும் ஒரு சந்தேகம் வந்தது. அடுத்து என் கை எப்படி அந்த நடுத் தட்டுக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வளையலில் முனைகளை வைத்துவிட்டேன். 0.30.

"கரண்டியும் வளையலும் ஒண்ணா காட்டுது?" என்று வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. பெரியப்பா எழுந்தார். "தங்கத்தையா சந்தேகப்படுற? டேய் முகிலா, தட்ட எடுடா. போலாம்." அவர்கள் வீட்டுப் பெண்கள் தட்டுகளைத் தூக்கினார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அறை வாசலில் பட்டுச் சேலையோடு நின்றிருந்த தேவிகாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் அழவில்லை. நேராக வந்து என் கையிலிருந்து இரண்டு ஒயர்களையும் பிடுங்கினாள். "எல்லாத்துக்கும் அதே நம்பரா? கடையில இவர் தினமும் மொதல்ல செய்யறது இதத்தான்" என்று சொல்லி, முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டினாள். இடையில் காயில் இல்லை, கரண்டி இல்லை, காற்றுகூட இல்லை.

மீட்டர் 0.30 என்றது.

"ண்ணே, இப்ப எத அளக்குறோம்?"

அது ஒயர்களின் சொந்தத் தடை. நான் ஒட்டுப் போட்டு நீட்டிய ஒயர்கள். எதை அளந்தாலும் 0.30-ஐத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் ஒயர்கள். ஆலை மோட்டார்களில் இந்தச் சின்ன அளவை யாரும் பொருட்படுத்துவதில்லை. காயிலிலோ அதுதான் எல்லாமே. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் இது. உலகத்தையே சந்தேகப்பட்டவன், கையில் இருந்ததை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

"0.42-ல 0.30 போனா?" என்று தேவிகா விடவில்லை.

"0.12" என்றேன், தரையைப் பார்த்து.

முகிலன் மெதுவாகக் கேட்டான். "மச்சான், பஞ்சு கருகுதுன்னு சொன்னீங்களே. மெஷின்ல நீங்க ஏதும் நம்பர மாத்தினீங்களா?"

"0.42 போட்டேன்."

"அலாமாக்! அப்போ அது எப்ப நிறுத்தும்? காயிலு 0.42-ஐத் தாண்டட்டும்னு காத்துக்கிட்டே கெடந்து கொளுத்தியிருக்கும்."

பெரியப்பா நின்றபடியே என்னைப் பார்த்தார். பிறகு தேவிகாவைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்தார். "தட்ட வைங்க. பொண்ணு எப்படியோன்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு. இப்ப இல்ல. மச்சான்காரன நாமதான் பொறுத்துக்கணும்." தட்டு மாறியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. (பாயசம் மட்டும் இறங்கியது.)

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நான் மச்சான் மோதிரம் போட்டபோது, முகிலன் என் காதருகே குனிந்து, "அளந்துட்டீங்களா?" என்றான். தேவிகாவுக்கும் கேட்டுவிட்டது. பரிசத்துக்குப் பிறகு என்னோடு பேசாமல் இருந்தவள், அந்த மணவறையில்தான் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு சைகை பழக்கத்துக்கு வந்துவிட்டது. நான் யார் மேலாவது குற்றம் சொல்ல வாயெடுத்தால் யாரும் பதில் பேசுவதில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி ஒட்டிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் மெர்லிமாவ் சந்தையில் மீன்காரர் கெம்போங் மீனைத் தராசில் கொட்டிவிட்டுப் பை எடுக்கத் திரும்பினார். எண்ணைப் பார்த்தேன். அந்த மீனுக்கு அவ்வளவு எடை வரவே வராது. எனக்குள் பழைய ரத்தம் சூடேறியது. வாயைத் திறக்கும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் பார்த்தேன். அம்மா, தேவிகா, முகிலன் மூவரும் வரிசையாக நின்று விரல்களை ஒட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குனிந்து பார்த்தேன். என் கையில் தொங்கிய காய்கறிப் பை, தராசுத் தட்டின் மேல் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.